துளையே பிடிமானம்: அதிர்வால் மரத்துக்குள் இறங்கும் பிளாஸ்டிக்கும் செட்டிநாட்டு வீடுகளும்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று செட்டிநாட்டின் எந்த ஊருக்குப் போனாலும் முக்கால் நூற்றாண்டைத் தாண்டிய பர்மாத் தேக்கு நிலைக்கதவு ஒன்றைத் தள்ளித் திறக்கலாம். கனமாக இருக்கும், ஆனாலும் முரண்டு பிடிக்காது. அதே வீட்டின் இரண்டாம் கட்டுக்குள், அட்டைப் பெட்டியில் வந்து இறங்கிய துணி அலமாரி ஒன்று நிற்கும். அதன் கதவு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். கீலைப் பிடித்திருந்த ஸ்குரூ, மரத்தூளையும் சேர்த்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். வீட்டுக்காரர் அந்தத் துளையில் தீக்குச்சிகளைச் செருகிப் பசை விட்டு மறுபடியும் முறுக்கியிருப்பார். அடுத்த பொங்கல் வரை தாங்கும்.

நிலைக்கதவு நிற்பதில் மாயம் எதுவும் இல்லை. ஒரு சட்டத்தில் துளை எடுத்து, மற்றதில் நாக்கு விட்டு, இரண்டையும் குறுக்கே மர ஆணியால் பூட்டிய வேலை அது. சுமை ஒரே இடத்தில் குவியாமல் மரத்தின் முழுக் கனத்திலும் பரவுகிறது. அலமாரியின் நிலைமை வேறு. மரச்சீவல்களைப் பிசினோடு கலந்து சூட்டில் அழுத்திய பலகை அது; பார்ட்டிகிள் போர்டு என்பார்கள். மேல்தோலும் கீழ்த்தோலும் கெட்டியாக இருக்கும். நடுப்பகுதி பொலபொலவென்று இருக்கும். ஸ்குரூவின் மரை அந்த நடுப்பகுதியை வெட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறது. போகும்போதே தன்னைப் பிடிக்க வேண்டிய சீவல்களைப் பாதி அறுத்துவிடுகிறது. மீதியைக் கதவின் ஒவ்வோர் அசைவும் சிறிது சிறிதாகத் தளர்த்துகிறது.

உள்ளே காலியிடம் நிறைந்த பொருள்கள் எல்லாமே ஆணிக்கும் ஸ்குரூவுக்கும் தொல்லைதான். செங்கல், சுண்ணாம்புக் காரை, பார்ட்டிகிள் போர்டு, பஞ்சு போன்ற மென்மரம் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். மனித எலும்பும் வரும். சுவரில் மரக்கட்டை அடித்து அதில் ஸ்குரூ முறுக்குவதும், ராவல் பிளக் போடுவதும் இந்தத் தொல்லையைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகள். துளைக்குள் ஒன்றை விரியவைத்து, உராய்வால் நிறுத்துகிறோம். விரிவு கூடினால் பொருள் வெடிக்கும்; குறைந்தால் கழன்று வரும்.

இதைத் தலைகீழாக யோசித்தவர்கள் சுவிட்சர்லாந்தில் இருந்தார்கள். காலியிடம் தொல்லை என்றால், அந்தக் காலியிடத்தையே பிடிமானமாக மாற்றினால் என்ன? ஒரு பிளாஸ்டிக் ஆணியைத் துளைக்குள் வைத்து, அதன் தலையில் மீயொலியை, அதாவது காதுக்குக் கேட்காத அதிர்வைக் கொடுத்தால், ஆணியின் மேல்தோல் மட்டும் உருகும். உருகியது மரத்தின் நுண்துளைகளுக்குள் ஓடி அங்கேயே உறையும். ஆணியும் மரமும் ஒன்றுக்குள் ஒன்று வேர்விட்டு நிற்கும். துளைகளோ குழிகளோ உள்ள பொருளில் இணைப்பு ஆணியை இப்படி நங்கூரமிடும் முறைக்கான சர்வதேசக் காப்புரிமை விண்ணப்பம் 1998-இல் வெளியானது. விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயர் வுட்வெல்டிங். அடிப்படைக் கருத்து அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. எந்தப் பொருளில், எந்தப் பிளாஸ்டிக்கை, எவ்வளவு அழுத்தத்தில் இறக்குவது என்பதில்தான் வேலை தொடர்ந்திருக்கிறது.

அதிர்வுக்கு வருவோம். மின்சாரத்தை அதிர்வாக மாற்றும் படிகங்களின் அடிப்படையை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள்: சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கிறது. மின்னழுத்தம் கொடுத்தால் அவை விரிந்து சுருங்குகின்றன என்பது அடுத்த ஆண்டே தெரிந்துவிட்டது. முதல் உலகப் போர்க்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேட பிரெஞ்சு இயற்பியலாளர் லாஞ்செவின் இதைப் பயன்படுத்தினார். 1960-களில் அமெரிக்காவில் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டும் தொழிலுக்கு இது வந்து சேர்ந்தது. இன்று செல்போன் சார்ஜரின் கூட்டிலும், முகக்கவசத்தின் காது வாரிலும், ஜவுளிக்கடை தரும் நெய்யாத துணிப் பையின் ஓரத்திலும் இருப்பது அந்த ஒட்டுதான். பல் மருத்துவர் காரை எடுக்கும்போது வாய்க்குள் கிறீச்சிடும் கருவியும் ஏறக்குறைய இதே சாதிதான்.

இயந்திரத்தில் மூன்று பாகங்கள் ஒரே கோட்டில் நிற்கும். மேலே படிக வில்லைகளை அடுக்கிய அதிர்வி. நடுவில் அதிர்வின் வீச்சைக் கூட்டும் உலோகத் துண்டு. கடைசியில் வேலைப்பொருளைத் தொடும் உலோகக் கோல். தொழிற்சாலைகளில் இந்தக் கோலை ஹார்ன் என்கிறார்கள். அதன் நீளம் விருப்பம்போல் வைக்கக்கூடியது அல்ல. டைட்டானியத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் வேகத்தில் செல்கிறது. நொடிக்கு 20,000 அதிர்வு என்றால் ஓர் அலையின் நீளம் 25 சென்டிமீட்டர். ஹார்ன் அதில் பாதி, அதாவது 12.5 சென்டிமீட்டர் அளவில் இருந்தால்தான் ஒத்திசைந்து அதிரும். முனையைச் சாணை பிடித்துக் குறைத்துவிட்டால் ஒத்திசைவு போய்விடும். வீட்டு டிரில்லிங் மெஷினைப் போல் எந்த முனையையும் மாட்டி ஓட்டக்கூடிய சாமான் அல்ல இது.

முனை அசையும் தூரம் மிகச் சிறியது. நடுநிலையிலிருந்து ஒரு பக்கத்துக்கு முப்பது மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம், தலைமுடியின் பாதிகூட இல்லை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆனால் இரண்டு பக்கமும் அந்தத் தூரம் போய்த் திரும்புவதை நொடிக்கு 20,000 முறை செய்ய வேண்டும். கணக்குப் போட்டால் முனையின் உச்ச வேகம் நொடிக்கு 3.8 மீட்டர் வருகிறது. நிதானமாக மிதிக்கும் சைக்கிளின் வேகம். வியப்பு முடுக்கத்தில் இருக்கிறது: புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 48,000 மடங்கு. கண்ணுக்குத் தெரியாத அசைவு ஒன்று பிளாஸ்டிக்கை உருக்குவது எப்படி என்று கேட்பவருக்கு இந்த எண் பாதிப் பதில்.

மீதிப் பதில் பிளாஸ்டிக்கின் குணத்தில் இருக்கிறது. அது முழுச் சுருள்வில்லும் அல்ல, முழுக் களியும் அல்ல. அழுத்தினால் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கைச் சூடாக வைத்துக்கொள்கிறது. நொடிக்கு 20,000 முறை அப்படி வைத்துக்கொண்டால் சூடு மளமளவென்று ஏறும். இங்கே முக்கியமான விதி ஒன்று உண்டு. அதிர்வெண் இரட்டித்தால் பிறக்கும் சூடு இரட்டிக்கும். ஆனால் பொருள் நசுங்கும் அளவு இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும். ஆகவே நசுங்கல் எங்கே குவிகிறதோ அங்கேதான் முதலில் உருகும். ஆணியின் முனையைக் கூராகவோ, பக்கவாட்டில் மெல்லிய வரிகளோடோ வார்ப்பதற்குக் காரணம் இதுவே. அந்தக் கூரும் வரிகளும் மரத்தில் பதியும் இடத்தில் நசுங்கல் குவிந்து, அங்கே சூடு பிறக்கிறது. ஆரம்பத்தில் உராய்வும் கைகொடுக்கும். ஆணியின் நடு உடல் கெட்டியாகவே இருந்து, அதிர்வைக் கீழே கடத்திக்கொண்டிருக்கும். நடுவும் சேர்ந்து இளகிவிட்டால் அதிர்வு முனைக்குப் போகாது. அதோடு கதை முடிந்தது.

தோல் மட்டும் உருகுவதால் செலவும் சிறியது. எட்டு மில்லிமீட்டர் பருமனும் இருபது மில்லிமீட்டர் நீளமும் உள்ள நைலான் ஆணியின் மேல் 0.3 மில்லிமீட்டர் தோலை உருக்க, என் கணக்கில் நூறு ஜூல்கூடத் தேவையில்லை. பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒரு நொடி எரிவதற்கு ஆகும் ஆற்றல் அது. இயந்திரம் இழக்கும் பங்கைச் சேர்த்தால் கூடும்; ஆனாலும் வேலை சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அந்த நேரத்துக்குள் சூடு மரத்துக்குள் பரவுவதும் மிகக் குறைவு. மரம் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். ஒரு நொடியில் வெப்பம் எட்டும் ஆழம் அரை மில்லிமீட்டர் அளவே. மரம் கருகாமல் இருப்பது இதனால்தான். பிசின் காய ஒரு ராத்திரி காத்திருக்கும் ஆசாரிக்கு இந்த வேகம் பொறாமை தரலாம்.

இனி இந்த நுட்பத்தின் உயிர்நாடியான இடம்: உருகியது துளைக்குள் எப்படிப் போகிறது? இடியாப்ப உரலை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு இளகியிருக்க வேண்டும், மேலிருந்து அழுத்தம் வேண்டும், கண் போதிய அகலமாக இருக்க வேண்டும். கண் சிறுத்தால் கை வலிக்கும். மாவு ஆறினால் பாதியில் நின்றுவிடும். மரத்துளைக்குள் இவை எல்லாமே ஒரே நேரத்தில் நடக்கின்றன, கூடுதலாகத் துளையின் சுவர் குளிர்ந்தும் இருக்கிறது. ஒரே அழுத்தத்தில், ஒரே நேரத்தில் உருகல் ஓடும் ஆழம் துளையின் அகலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆனால் உறைய ஆகும் நேரம் அகலத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். நூறு மைக்ரான் ஆரமுள்ள குழலில் உருகல் உறைய நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகுமென்றால், பத்து மைக்ரான் ஆரமுள்ள குழலில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஆகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், துளையின் அகலம் பத்தில் ஒன்றாகக் குறையும்போது பிளாஸ்டிக் இறங்கும் ஆழம் நூறில் ஒன்றாகிவிடும். தோராயக் கணக்குதான். ஆனாலும் எந்தப் பொருளில் இந்த ஆணி நிற்கும், எதில் நிற்காது என்பதை இந்த ஒரு கணக்கே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது.

தேக்கை எடுத்துக்கொள்வோம். தேக்கில் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் உருவாகும் நீர்க்குழல்கள் முந்நூறு மைக்ரான் வரை அகலமானவை. குறுக்கே அறுத்த முகத்தில் வெறும் கண்ணாலேயே வளையமாகத் தெரியும். இழைத்த முகத்தில் ஓடும் நீள நீளக் கோடுகள் அதே குழல்களின் பக்கவெட்டு. இடையில் உள்ள நார்களின் உட்கூடு பத்து, இருபது மைக்ரான் அளவில்தான் இருக்கும். ஆகவே பிளாஸ்டிக் தேக்குக்குள் சீராக ஊறிவிடாது. பெரிய குழல்களில் விரல் விரலாக நீண்டு, நார்களுக்குள் மெல்லிய படலமாக நின்றுவிடும். முற்றிய வைரக்கட்டையில் இன்னொரு தடை இருக்கிறது. அண்டைச் செல்கள் குழலுக்குள் குமிழ்களாக வீங்கி அதை ஆங்காங்கே அடைத்திருக்கும். நீர் ஊறாமல் தேக்கைக் காப்பதில் பங்குள்ள அந்தக் குமிழே பிளாஸ்டிக்கையும் வழிமறிக்கிறது.

ஆணி இறங்கும் திசையும் பொருட்டாகிறது. பலகையின் அகன்ற முகத்தில் துளையிட்டால், குழல்கள் துளையின் இரண்டு பக்கங்களில் வெட்டுண்டு வாய் திறந்து நிற்கும். மற்ற இரண்டு பக்கங்களில் அவை சுவரை ஒட்டிப் படுத்திருக்கும். ஆக, ஆணி நான்கு பக்கமும் சமமாக வேர்விடாது. நார் ஓடும் திசையில் இரண்டு பக்கமும் நீளும். அறுத்த முனையில் இறக்கினால் குழல்களின் வாய்கள் துளையின் அடியில் இருக்கும். உருகல் அவற்றின் வழியே நேராகக் கீழே ஓடும். பலகையின் முனையில் ஸ்குரூ சரியாகப் பிடிக்காது என்பது ஆசாரிகளுக்குப் பழைய பாடம். இந்த ஆணிக்கு அந்த முனையே ஓரளவு வசதியான இடம்.

ஆனால் தேக்கில் இதற்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. தேக்கின் எண்ணெய்ச் சத்து பல பசைகளுக்குப் பகை. ஒட்ட வேண்டிய முகத்தைக் கரைப்பான் விட்டுத் துடைத்து, உடனே ஒட்ட வேண்டியிருக்கிறது. பாலிப்புரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்கிலோ சாதாரணப் பசை எதுவுமே ஒட்டாது. இந்த இரண்டையும் பசையால் சேர்க்கச் சொன்னால் எவரும் தலையை ஆட்டி மறுத்துவிடுவார்கள். அதிர்வு ஆணியில் ஒட்டுதலுக்கு வேலையே இல்லை. குழலுக்குள் உறைந்த பிளாஸ்டிக்கை இழுத்தால் ஒன்று மரம் கிழிய வேண்டும், இல்லையேல் பிளாஸ்டிக் அறுபட வேண்டும்.

எல்லாப் பிளாஸ்டிக்கும் இதற்கு உதவாது. சூட்டில் இளகி, ஆறினால் மறுபடி இறுகும் வகை வேண்டும்: நைலான், பாலிகார்பனேட், ஏபிஎஸ், பாலிப்புரொப்பிலீன், பாலிலாக்டைடு. பழைய வீடுகளின் சுவரில் இருக்கும் கறுப்பு பேக்லைட் சுவிட்சு இந்த இனத்தில் சேராது. ஒருமுறை இறுகியது இறுகியதுதான், சூடாக்கினால் கருகும்.

தொழிலில் இதற்கு மிகவும் பொருந்தும் இடம் அலமாரிப் பலகைதான். பலகையின் பொலபொலத்த நடுப்பகுதியில் சீவல்களுக்கு இடையே இடைவெளிகள் பெரியவை. பிளாஸ்டிக் அவற்றைச் சுற்றி ஓடிக் கட்டிப் போட்டுவிடும். ஸ்குரூ அறுத்துக்கொண்டு போன இடத்தில் இது சீவல்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. தேன்கூட்டு அட்டையை நடுவில் வைத்த இலேசான பலகைகளிலும் இதே வாய்ப்பு இருக்கிறது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: பொருள் எதிர்த்து நிற்க வேண்டும். மரமோ பலகையோ கொஞ்சம் விறைப்பாக இருந்தால்தான் ஆணியின் முனை நசுங்கிச் சூடாகும். தெர்மோகோல் மாதிரியான பொருளில் ஆணி உருகுவதற்கு முன்பே உள்ளே நொறுங்கிக்கொண்டு போய்விடும்.

எலும்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. எலும்பின் உட்பகுதியும் பஞ்சுபோல் துளை நிறைந்ததே. குழந்தைகளின் மண்டையோட்டு அறுவைச் சிகிச்சையில் உலோகத் தகடும் ஸ்குரூவும் வைத்தால், எலும்பு வளரும்போது அவை இடையூறாக நிற்கும். உடலில் கரைந்துபோகும் பாலிலாக்டைடு தகடு அதற்கு மாற்று. ஆனால் அதே பொருளில் செய்த ஸ்குரூவுக்கு எலும்பில் முதலில் மரை வெட்ட வேண்டும். முறுக்கும்போது தலை முறியும் ஆபத்தும் உண்டு. ஜெர்மனியின் கேஎல்எஸ் மார்ட்டின் நிறுவனம் சோனிக்வெல்ட் என்ற பெயரில் கொண்டுவந்த முறையில், சிறு துளையிட்டு, கரையும் ஆணியை வைத்து, மீயொலிக் கோலால் தொட்டு அழுத்துகிறார்கள். ஆணி இளகி எலும்பின் இடைவெளிகளுக்குள் இறங்குவதோடு, அதன் தலை தகட்டோடும் இணைந்துவிடுகிறது. பிறகு உடலின் ஈரம் அந்தப் பிளாஸ்டிக்கைச் சிறுகச் சிறுக லாக்டிக் அமிலமாகச் சிதைக்கிறது.

இதைக் கேட்டதும் எவருக்கும் எழும் சந்தேகம், சூடு எலும்பைச் சுடாதா என்பதே. 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தால் எலும்புத் திசு கெடும் என்று 1983-இல் சுவீடன் ஆய்வாளர்கள் முயல்களில் காட்டினார்கள். பாலிலாக்டைடு இளக 60 டிகிரி அளவாவது வேண்டும். எண்களை அருகருகே வைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மரத்தைக் காப்பாற்றிய அதே கணக்கு இங்கேயும் காப்பாற்றுகிறது: உருகும் அளவு சிறியது, நேரம் சில நொடி, ஒரு நிமிடம் அல்ல.

இனி நம் வீடுகள். செட்டிநாட்டு வீட்டை நுண்துளைப் பொருள்களின் அடுக்கு என்றே சொல்லலாம்: செங்கல், சுண்ணாம்பு, ஓடு, தேக்கு, கருங்காலி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பணம் இந்த வீடுகளாக எழுந்தது. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்தக் காலம் முடிந்தது. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் இடம்பெற்றன. இப்போது பல வீடுகள் விடுதிகளாகின்றன. விடுதி என்றால் ஏசி, கீசர், தொலைக்காட்சி, வயர் ஓட்டம், குளியலறைத் தடுப்பு. ஒவ்வொன்றும் எங்காவது ஓர் ஆணி கேட்கும்.

சுவரிலிருந்து தொடங்கலாம். கண்ணாடிபோல் வழுவழுக்கும் அந்தப் பூச்சு, சுண்ணாம்பைப் பல நாள் புளிக்கவைத்து, முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து, அடுக்கடுக்காக ஏற்றிக் கடைசியில் கல்லால் தேய்த்தது. மேலே போகப் போக அடுக்குகள் நுணுகிக்கொண்டே வரும். துளைக்கணக்கு இங்கே நேராகப் பொருந்துகிறது: மேற்பூச்சின் துளைகள் மிகமிக நுண்ணியவை, பிளாஸ்டிக் அதில் இறங்காது. அடியில் இருக்கும் மணல் கலந்த காரையில் இறங்கலாம். ஆனால் அங்கே போக மேற்பூச்சைத் துளைத்தாக வேண்டும். இழுவையைத் தாங்காத, விரிசல் விடக்கூடிய அந்தப் பூச்சின் மேல் அதிர்வையும் அழுத்தத்தையும் ஒன்றாக வைப்பது எனக்கு உவப்பான யோசனை அல்ல. விரிசல் விட்டால் அதே பதத்தில் மறுபூச்சு போடத் தெரிந்த கைகள் இன்று குறைவு. ஆத்தங்குடித் தரைக்கும் இதே தீர்ப்புதான். அதன் வண்ண அடுக்கு சிமெண்டால் ஆன அடர்த்தியான மெல்லிய தோல். அதில் துளையிட நினைப்பவரை வீட்டு ஆச்சியே வாசலோடு நிறுத்திவிடுவார்.

இரும்பின் நிலையும் இங்கே பேசத்தக்கது. காரைக்குடிக்காரர்களுக்கு அரிமானம் அந்நியமான பேச்சு அல்ல. அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பைப் பல பத்தாண்டுகளாக ஆராய்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். சுண்ணாம்பு காற்றின் கரியமிலவாயுவை வாங்கி இறுகிய பிறகு, அதற்குள் இருக்கும் இரும்புக்குக் காப்பு இல்லை. ஐப்பசி மழை நனைத்த சுவரில் பழைய ஆணி இருக்கும் இடத்தைச் சுற்றிப் பூச்சு உப்பி உதிர்வது இதனால். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது என்பது இந்த இடத்தில் உண்மையான பலம். ஆனால் தேக்குக்குள் அந்தப் பலம் அவ்வளவு பெரிதல்ல. தேக்கின் எண்ணெய் இரும்பை ஓரளவு காக்கிறது. மரக்கப்பல் கட்டியவர்கள் கருவாலி என்ற ஓக் மரத்தைவிடத் தேக்கை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிளாஸ்டிக்கின் பலவீனம் சுமையில் தெரியும். இடைவிடாத பாரத்தில் அது மெல்ல மெல்ல நீளும். சூட்டில் இன்னும் விரைவாக. சித்திரை வெயிலில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில், ஓட்டுக்கூரையின் அடிப்பகுதி அதற்கும் மேலே போகும். 60 டிகிரியில் இளகும் பாலிலாக்டைடை அங்கே நினைத்தும் பார்க்கக் கூடாது. நைலானும் பாலிகார்பனேட்டும் அந்தச் சூட்டில் உருகாது. ஆனாலும் தொடர்ந்து தொங்கும் பாரத்தை நம்பி ஒப்படைக்க முடியாது. படச்சட்டம், வயர் கிளிப், தடுப்புப் பலகை ஆகியவற்றுக்குச் சரி. வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், தொங்கும் ஊஞ்சலுக்கு உத்தரத்தில் ஊடுருவிய இரும்புக் கொண்டிதான் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

என்னை இந்த விஷயத்தில் அதிகம் யோசிக்கவைப்பது வேறொன்று. செட்டிநாட்டு வீடு கட்டும் முறையிலேயே பிரிக்கும் முறையும் அடங்கியிருந்தது. மர ஆணியை எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டினால் வந்துவிடும். நிலை பிரியும், கதவு பிரியும், தூண் அதன் தலைக்கட்டையான போதிகையோடு இறங்கும். பங்காளிகளுக்குள் பிரிவினையாகி வீடு இடிபடும்போது, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு அந்த மரங்கள் முழுசாக வந்து சேர்வது இந்தப் பிரியும் தன்மையால்தான். அங்கிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போய், புதிய வீட்டின் வாசலில் மறுபடியும் நிலையாக நிற்கின்றன. முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவின் செட்டிநாட்டு வீடும் பெயர்த்து எடுத்த மரங்களால் எழுந்ததே. வீடு அழிவது வருத்தம்தான், மரமாவது மிஞ்சுகிறது.

அதிர்வால் இறங்கிய ஆணியைத் தட்டி எடுக்க முடியாது. கொள்கையளவில் மறுபடி உருக்கலாம் என்பார்கள். நடைமுறையில் குழலுக்குள் உறைந்தது வெளியே வராது. டிரில் விட்டுக் குடைந்துதான் எடுக்க வேண்டும், துளையும் பெரிதாகும். சித்திர வேலை செய்த நிலையில் ஒரு துளை என்பது நிரந்தர இழப்பு. அதே சமயம் இதன் எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய தேக்கை மறு அறுப்புக்கு எடுத்துப்போகும் மில்காரர் அஞ்சுவது மரத்துக்குள் மறைந்திருக்கும் இரும்பாணிக்குத்தான். ஒரே ஆணி ரம்பத்தின் பற்களை உடைத்துவிடும். பிளாஸ்டிக் ஆணி ரம்பத்தை ஒன்றும் செய்யாது. மரத்தோடு மரமாக அறுபடும். ஆக, உருப்படியாக மறுபயன் பெற வேண்டிய மரத்துக்கு இது கெடுதல். பலகையாக அறுபடப்போகும் மரத்துக்கு இரும்பைவிட மேல். அந்த மரத்தின் அடுத்த பிறவி என்ன என்று தெரியாமல் இந்த ஆணியை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது.

காரைக்குடித் தச்சுப்பட்டறைக்கு இது நாளைக்கே வந்துவிடாது. ஒவ்வோர் ஆணி வடிவத்துக்கும் பொருந்தும் ஹார்ன் வேண்டும்; அழுத்தம், வீச்சு, நேரம் மூன்றையும் மரத்துக்கு மரம் சரிபார்க்க வேண்டும். ஒரே பலகையில் ஒரே துளையை ஆயிரக்கணக்கில் போடும் தொழிற்சாலைக்குத்தான் இந்த ஏற்பாடு கட்டுபடியாகும். இருபதாயிரம் அதிர்வு காதுக்குக் கேட்காது என்று சொன்னாலும், வேலைப்பொருள் சேர்ந்து அதிரும்போது எழும் கிறீச்சொலி கேட்கும். காதுக்காப்பு இல்லாமல் நாள் முழுவதும் நிற்கக் கூடாது. ஒரு வீட்டுக்கு ஒரு நிலை, ஒரு நிலைக்கு ஒரு சித்திரம் என்று வேலை செய்பவருக்கு உளியும் மர ஆணியும் இன்னமும் மலிவு, விரைவும்கூட.

விடுதியாக மாறும் வீடுகளில்தான் இதற்கு ஓர் இடம் தெரிகிறது. பழைய அறைக்குள் சுவரைத் தொடாமல் தானே நிற்கும் புதிய சட்டம் ஒன்றை எழுப்பி, குளியலறைத் தடுப்பையும் வயரையும் அலமாரியையும் அதில் மாட்டுவது நல்ல பாரம்பரியக் கட்டடக் கலைஞர்கள் பரிந்துரைக்கும் வழி. அந்தச் சட்டம் தொழிற்சாலையில் செய்த இலேசான பலகையாக இருக்கலாம். அதன் ஓரங்களில் கீலும் கிளிப்பும் தாங்கும் பிளாஸ்டிக் ஆணிகளை அங்கேயே அதிர்வால் இறக்கி அனுப்பலாம். சட்டம் தரையோடும் தூணோடும் சேரும் இடங்களில் மட்டும் இறுக்கிக் கழற்றும் திருகுக் கவ்விகள் போதும். பத்து ஆண்டு கழித்து விடுதி மூடினால், பலகை லாரியில் ஏறிவிடும். பூச்சிலும் தேக்கிலும் ஒரு துளைகூட இருக்காது.